அக்கரையில் நின்ற பஸ்

போன சனிக்கிழமை களக்காட்டுக்கு மேலே அந்த ஓடைக்கரையில் நான் செருப்பைக் கூடக் கழற்றாமல் பாறையில் உட்கார்ந்துவிட்டதில் நம் நடைக் குழுவில் உங்களில் சிலருக்கு இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. முழங்கால் அளவு தண்ணீர்தான் ஓடியது. நீங்கள் எல்லோரும் கடந்து போய் அக்கரையில் நின்று என்னைக் கூப்பிட்டீர்கள். நான் வரவில்லை. எனக்காக நீங்களும் திரும்பி வந்து, பார்க்கவேண்டியதைப் பார்க்காமல், இரண்டு மணி பஸ்ஸிலேயே ஊர் திரும்பினோம். வயசாகிவிட்டது, பயம் வந்துவிட்டது என்று ஒருவர் சொன்னீர்கள். காரணம் பஸ்ஸில் நின்றுகொண்டு சொல்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நாம் காரில் போவதில்லை என்று வைத்திருக்கிறோமே, பஸ் எங்கே போய் நிற்கிறதோ அங்கே இறங்கி நடப்பது, நடந்து பஸ் இருக்கிற இடத்துக்குத் திரும்பி வருவது என்று, அது நமக்குப் புதுசு. என் அப்பாவுக்கு அது பழைய பழக்கம். பாளையங்கோட்டையில் பூகோள வாத்தியாராக இருந்தார். ஒரு விடுமுறைக் காலம் முழுக்க சனிக்கிழமைதோறும் எங்களை மலைக்கு நடத்திக் கூட்டிப்போனார். மில்லில் பெரிய வேலையில் இருந்த ஒரு சித்தப்பா, கம்பெனிக் காரை அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு அப்பா, “அரசாங்கம் பஸ் விட்டிருக்கு, ஆண்டவர் காலு குடுத்திருக்காரு. இன்னும் என்னத்த கேக்கது?” என்று சொன்னது எங்கள் வீட்டில் ரொம்ப நாள் வேடிக்கையாகச் சொல்லப்பட்டது. அந்த வைகாசிக்குப் பிறகு யாரும் சொல்வதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். தம்பி இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை.

அந்த நடைகளுக்கு அப்பாவின் பூகோளம் மட்டும் காரணம் இல்லை. இதைப் பெரியவள் ஆன பிறகுதான் புரிந்துகொண்டேன். அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, அம்மாவின் தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, நிச்சயம் செய்திருந்தார்கள். அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்து ஆரம்பப் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். மாமா ஏரலில் ஒரு பாத்திரக் கடையில் கணக்குப் பார்த்தார். நிச்சயமான பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் சந்தித்துப் பேசுவது எங்கள் சனங்களிடம் அன்றைக்கு நடக்கிற காரியம் இல்லை. அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். “குடும்பமா நடக்கப் போறோம். என் தம்பியும் வாரான். இதுல யாரு என்ன சொல்லதுக்கு இருக்கு?” என்றாள். அப்பாவுக்கும் அது பிடித்திருந்தது. மாமாவை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். மாமா மாதிரி வாயை மூடிக்கொண்டு அவருடைய பாறை, மண், மழைநிழல் விளக்கங்களைக் கேட்கிற ஆள் வேறு யாரும் இல்லை.

ஏரலிலிருந்து மாமா முதல் பஸ் பிடித்து வந்துவிடுவார். ஜங்ஷனில் காத்துக்கொண்டிருப்பார். தலையில் தண்ணீர் தொட்டு வாரியிருப்பார், சட்டையில் புளி போட்டுத் தேய்த்த பித்தளை வாசம் அடிக்கும். டயர் அடித்துத் தைத்த செருப்பு போட்டிருப்பார். அது பாறையில் வழுக்காது என்று எனக்குக் காட்டுவதற்காகவே சரிவில் ஓடி நிற்பார். பாபநாசம் பஸ்ஸில் பெண்கள் பக்கம் அம்மாவும் அத்தையும் நானும், பின்னால் அப்பாவும் மாமாவும் தம்பியும். சேரன்மாதேவி தாண்டியதும் வயல் பக்கமிருந்து சேற்று வாசம் ஜன்னலில் வரும். அம்பாசமுத்திரத்தில் இறங்கிப் போய்ப் பால் வாங்கித் தம்பிக்கு ஆற்றிக் கொடுப்பது மாமாதான். வண்டி கிளம்பும் வரை எங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். அவர் எப்போதும் வண்டி நகர்ந்த பிறகுதான் ஏறுவார்.

பாபநாசத்தில் வேறு பஸ் மாறி மேலணைக்குப் போவோம். அந்தப் பஸ் ஏற்றத்தில் அழும். கடைசி நிறுத்தத்தில் ஒரு டீக்கடை, ஒரு புளியமரம். அங்கே இறங்கி நடக்க ஆரம்பித்தால் சாயந்திரம் அதே புளியமரத்தடிக்கு வந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். அதை விட்டால் மறுநாள்தான்.

அம்மா கட்டுகிற சோறு இப்போதும் நினைவிருக்கிறது. வாட்டின வாழையிலையில் எலுமிச்சம்பழச் சோறு, தொட்டுக்கொள்ள கருவாட்டுப் பொடி. காக்கித்துணித் தண்ணீர்ப்பை ஒன்று அப்பாவிடம் இருந்தது, ராணுவத்திலிருந்து வந்த யாரோ கொடுத்தது. அதில் தண்ணீர் குளிர்ந்து துணி வாசத்தோடு இருக்கும். கறுப்புக் குடை ஒன்று, அதன் நுனியால்தான் அப்பா மலையைக் காட்டுவார். நாங்கள் நடக்கும்போது அத்தையும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் நடக்க மாட்டார்கள். அத்தை அம்மாவோடு, மாமா அப்பாவோடு. ஆனால் ஏற்றத்தில் எல்லோரும் மூச்சு வாங்கி நிற்கும்போது மாமா எங்கேயாவது போய்க் காட்டு நெல்லிக்காய் பறித்து வந்து முதலில் எனக்குத் தருவார், பிறகு அம்மாவுக்கு, கடைசியாகத்தான் அத்தைக்கு. அத்தைக்குக் கொடுக்கிறது மட்டும் நல்ல காயாக இருக்கும். நான் அதைக் கவனித்து அம்மாவிடம் புகார் சொன்னேன். அம்மா சிரித்துக்கொண்டே என் தலையில் தட்டினாள்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் ஒருவரோடு ஒருவர் பிரியமாக இருந்தார்கள். பிரியம் இல்லாதவர்கள் வீட்டில் நடந்த கதை இல்லை இது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை கடைசி நடை. அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை கோயிலில், சர்ச்சை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், முதல் ஓலை வாசித்திருந்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், உங்களில் எங்கள் சபைக்காரர்களுக்குத் தெரியும். அதனால் அத்தை பஸ்ஸில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வந்தாள்.

மேலணையில் வெயில் அடித்தது. மலையின் உச்சி மட்டும் தெரியவில்லை. மேகம் மூடியிருந்தது. டீக்கடைக்காரர் மாமாவிடம் ஏதோ சொன்னார். மாமா அப்பாவிடம் வந்து, மேலே சாரல் விழுகிறதாம், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றார். அப்பா சரி என்றார். புளியமரத்திலிருந்து சிறிது தூரத்தில் ஒரு காட்டோடை குறுக்கே ஓடும். அன்று காலையில் அதில் என் கணுக்கால் கூட நனையவில்லை. தம்பி அதில் உட்கார்ந்து விளையாடினான்.

ஓடையைத் தாண்டி மேலே ஏறினால் ஒரு மொட்டைப்பாறை. அங்கிருந்து பார்த்தால் அணையும், அதற்குக் கீழே ஆறு சமவெளிக்கு இறங்குகிற இடமும் தெரியும் என்று அப்பா விடுமுறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாரமும் ஏதாவது காரணத்தால் அதுவரைக்கும் போகாமலே திரும்பியிருந்தோம். அன்று போய்ச் சேர்ந்தோம். ஆனால் மேகம் இறங்கிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. அப்பா, கொஞ்சம் இருங்கள், விலகிவிடும் என்றார். உட்கார்ந்தோம். சோற்றைச் சாப்பிட்டு முடித்தோம். மாமா இரண்டு தடவை எழுந்து நின்றார். அப்பா குடையை ஊன்றிக்கொண்டு மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு நொடி விலகியது. கீழே ஆறு ஒரு ஈயக்கம்பி மாதிரித் தெரிந்து மறைந்தது. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அவர்மேல் கோபம் வரமாட்டேன் என்கிறது.

இறங்கும்போது தூறல் பிடித்துக்கொண்டது. தடம் வழுக்கியது. அம்மாவும் அத்தையும் தம்பியை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். நான் முன்னால் அப்பா, மாமாவோடு. வளைவு திரும்பியதால் அவர்கள் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

“மாப்ள, நீ முன்னால ஓடிப் போயி பஸ்ஸ நிப்பாட்டு. நாங்க பைய வாரோம்.”

மாமா நகரவில்லை. “அத்தான், மேல நல்ல மழை. ஓடையில தண்ணி ஏறும் போலிருக்கு. எல்லாரும் சேந்தே கடந்துருவோம். பஸ்ஸு போனா போகட்டும்.”

“போனா இந்தக் காட்டுல பொம்பளையாளுகளயும் பிள்ளைகளயும் வச்சுக்கிட்டு என்ன செய்யது? நான் பாத்துக்கிடுதேன். நீ போ.”

மாமா என்னைப் பார்த்தார். எதற்கென்று தெரியவில்லை. பிறகு ஓடினார். அந்தச் செருப்பின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அம்மாவும் அத்தையும் வளைவு திரும்பி வந்தபோது அவர் ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்தார். அத்தை அவர் முதுகைப் பார்த்தாள். அவர் எங்கே போகிறார் என்று அப்பாவிடம் கேட்டாள். மழைச் சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

நாங்கள் ஓடைக்கு வந்தபோது தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. காலையில் தம்பி உட்கார்ந்த கல் தெரியவில்லை. அம்மா, இங்கேயே நிற்போம், வடிந்ததும் போவோம் என்றாள். அப்பா அக்கரையைப் பார்த்தார். மரங்களுக்கு நடுவில் பஸ்ஸின் ஹாரன் விட்டுவிட்டுக் கேட்டது. அதை எங்களுக்காகத்தான் அடித்தார்கள். நிற்கிறது, வாருங்கள் என்று. அந்த ஹாரன் கேட்டிராவிட்டால் அப்பா கடந்திருக்க மாட்டார் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

முதலில் அம்மாவையும் என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். எனக்குத் தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. கால் தரையில் படவில்லை. அம்மாவின் விரல்கள் என் கையை நசுக்கியது மட்டும் தெரிந்தது. எங்களைக் கரையேற்றிவிட்டு அப்பா திரும்பிப் போனார். தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அத்தையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நடுவில் அப்பாவின் கால் இடறியது. தம்பி தண்ணீரில் விழுந்தான். விழுந்த சத்தம் கூடக் கேட்கவில்லை. அத்தை அப்பாவின் கையை உதறிவிட்டுத் தம்பியின் சட்டையைப் பிடித்தாள். இரண்டு பேரையும் தண்ணீர் கொண்டுபோனது. கொஞ்ச தூரத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவில் அத்தையின் கால் மாட்டிக்கொண்டது. அதனால்தான் நின்றார்கள். அவள் தம்பியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். தம்பி அழுதது கேட்டபோதுதான் அம்மா மூச்சு விட்டாள்.

அப்பா எப்படிப் போனார், எப்படி அந்தக் காலை எடுத்தார் என்று எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. அத்தை கத்தினாள். பிறகு கத்தவில்லை. கரையில் போட்டபோது முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. குடையும் தண்ணீர்ப்பையும் போய்விட்டன.

அப்போதுதான் மாமா கண்டக்டரோடும் டீக்கடைக்காரரோடும் கயிறு எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஒரு செருப்புத்தான் காலில் இருந்தது. அத்தையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அப்பா அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை எனக்கு நன்றாகக் கேட்டது. “நீ கூட இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது” என்றார். மாமா கயிற்றைக் கீழே போட்டார். அத்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அந்தப் பஸ்ஸின் பின் சீட்டில் படுக்க வைத்து அன்று இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பஸ் நின்றிருக்காவிட்டால் கால் மட்டுமா போயிருக்கும் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னாராம். அதை எல்லோரும் மறந்துபோனார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் கூடினார்கள். எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். அப்பா பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை எங்கே இருந்தார் என்று அப்பாவின் பெரியப்பா ஒருவர் கேட்டார்.

“அவரு முன்னால போயிட்டாரு,” என்றார் அப்பா.

அவ்வளவுதான் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. மீதியைக் கேட்டவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். தண்ணீரைக் கண்டதும் ஓடிவிட்டான், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கட்டப்போகிறவளை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று மறுநாள் விடிவதற்குள் கதை ஆகிவிட்டது. நான் அந்தப் பெரியவர் பக்கத்தில் போய், “அப்பாதான் போகச் சொன்னாவ” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். பெரியவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அம்மா வந்து என் கையைப் பிடித்து, “ஏட்டி, பெரியாளுக பேசும்போது குறுக்க வராத” என்று வெளியே கூட்டிப்போய் பன் வாங்கிக் கொடுத்தாள். அன்று அந்தப் பன்னை என்னால் தின்ன முடியவில்லை.

மாமாவிடமும் கேட்டார்கள். அவர், “ஆமா, நான் முன்னாலதான் போனேன்” என்று சொல்லிவிட்டார்.

அப்பா போதகரைப் பார்த்து இரண்டாம் ஓலையை நிறுத்தச் சொன்னார். முதலில் கால் சரியாகட்டும் என்பது காரணமாக இருந்தது. பிறகு, ஆற்றில் விட்டுவிட்டுப் போனவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று சொந்தத்தில் பேசினார்கள், அப்பா மறுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு ஊரில் வேறு மாதிரிப் பேசினார்கள். கால் போன பெண்ணை அவன்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டான் என்று. மாமா எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. அம்மா சமையல்கட்டில் தனியாக இருக்கும்போது மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்கும்.

அத்தையின் கால் கட்டைப் பிரித்தபோது அது மற்றதைவிடக் குட்டையாகியிருந்தது. கம்பு ஊன்றி நடந்தாள். அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, பின்னுவதை நிறுத்தாமல், அன்றைக்கு மாமா தானாகப் போனாரா என்று கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். அப்பா சொன்னது, மாமா சொன்னது, மறுபடி அப்பா சொன்னது. பின்னல் முடிந்தது. அவள் மறுபடி அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து பின்னினாள்.

அடுத்த சனிக்கிழமை என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஏரல் பஸ் ஏறினாள். கால் வைத்தியத்துக்குப் போவதாக அப்பாவிடம் சொன்னவள் அம்மா. பஸ்ஸில் அத்தை காலை நீட்டி உட்கார இடம் இல்லாமல் ஸ்ரீவைகுண்டம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். ஏரலில் இறங்கிக் கடைத்தெருவுக்குள் அவள் கம்பு ஊன்றி நடந்தபோது கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாத்திரக் கடையில் மாமா எங்களைப் பார்த்து எழுந்தார். உள்ளே கூட்டிப்போனார். அங்கே குடமும் தவலையும் கூரை வரை அடுக்கியிருந்தது. உட்கார வேறு ஒன்றும் இல்லாமல் ஒரு பெரிய அண்டாவைக் கவிழ்த்துப் போட்டார். அத்தை அதில் உட்கார்ந்தாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அண்ணன்தான உங்கள முன்னால போகச் சொன்னாவ?”

மாமா என்னைப் பார்த்தார். “யாரு சொன்னா என்ன. ஓடையக் கடந்து அக்கரையில நின்னு திரும்பிப் பாத்தேன். தண்ணி நிறம் மாறி வந்துது. அப்பவே திரும்பி வந்திருக்கணும். பஸ்ஸையே நெனச்சுக்கிட்டு ஓடிட்டேன்.”

“அத நான் கேக்கல.”

வெளியே யாரோ குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு மாமா சொன்னார். “அத்தான்தான் சொன்னாவன்னு நான் வாயத் தொறந்தா எங்க அக்கா அந்த வீட்டுல எந்த முகத்தோட சோறு போடுவா?”

“அப்பம் என் முகம்?”

அத்தை கம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “நாளைக்கு நான் போதகரப் பாத்து ஓலைய வாசிங்கன்னு சொல்லப் போறேன். நீங்க வாரியளா மாட்டியளா, அத மட்டும் சொல்லுங்க. மத்தத நீங்க சொல்லவே வேண்டாம்.”

“காலு ரொம்ப வலிக்கோ?” என்றார் மாமா.

“வலிக்கத்தான் செய்யுது.”

“வாரேன்,” என்றார்.

போதகர் தயங்கினார் என்று கேள்வி. பெண் வயது வந்தவள், ஏற்கெனவே நிச்சயமானது, அண்ணன் வந்து தடை சொன்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒத்துக்கொண்டாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தபோது கோயிலில் அத்தனை தலைகளும் அப்பா பக்கம் திரும்பின. தடை ஏதும் இருந்தால், என்று வாசித்துவிட்டுப் போதகர் நிமிர்ந்தார். அப்பாவின் கை முன் பெஞ்சின் சாய்மானத்தைப் பிடித்திருந்தது. எழுந்திருக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். என்ன சொல்லுவார் என்று தெரியவில்லை, தடையா, உண்மையா. அவர் எழுந்திருக்கவில்லை. ஞானப்பாட்டு ஆரம்பித்தது. அப்பா நல்ல பாட்டுக்காரர். அன்று பாடவில்லை.

கல்யாணம் சின்னதாக நடந்தது. அப்பாதான் அத்தையைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போனார். அவர்கள் ஏரலில் குடியிருந்தார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள், நன்றாகத்தான் இருந்தார்கள். ஆனால் சொந்தத்தில் மாமாவுக்குப் ‘பஸ் மாப்பிள்ளை’ என்று பெயர் விழுந்துவிட்டது. கல்யாண வீடுகளில், “ஏ, பந்தி முடியங்காட்டி பஸ் மாப்பிள்ளைய பிடிச்சு வையிங்க, ஓடிருவாரு” என்பார்கள். மாமாவும் சிரிப்பார். அத்தை சிரிக்க மாட்டாள். அப்பாவின் காதுபடவே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். அப்பா இலையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். அம்பாசமுத்திரத்துக்கு மேலே அவர் பிறகு போனதே இல்லை. எங்களையும் விடவில்லை. வகுப்பில் மட்டும் ஆறு எங்கே பிறக்கிறது என்று வருஷா வருஷம் நடத்தினார்.

அப்பா நல்ல வயதில் இறந்தார். அடக்கத்தன்று பெட்டியைத் தூக்க முன் பக்கம் மாமா நின்றார். அவருக்கும் வயதாகியிருந்தது, காது மந்தமாகியிருந்தது. யாரோ ஒரு கிழவர், இப்போதும் முன்னால்தான் போகிறார் என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அந்தக் கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவளும் நானும் கழுவின டம்ளர்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நான் சொன்னது உங்களுக்கு விளங்கியதா என்று.

“நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? என் தம்பிய எனக்குத் தெரியாதா? ஒரு கோழிக்குஞ்ச விட்டுட்டுப் போகமாட்டான்.”

பிறகு ஏன் என்றேன்.

அம்மா கையைத் துடைத்தாள். “உங்க அப்பா அன்னைக்குப் பெறகு தூங்கல. எந்திரிச்சு எந்திரிச்சு உன் தம்பி மூக்குல கைய வச்சு மூச்சு வருதான்னு பாப்பாவ. எல்லாம் உங்களாலன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா மனுசன் தாங்கியிருக்க மாட்டாவ. என் தம்பி தாங்குவான். தாங்குதவன் தலையில வச்சிட்டேன்.” இன்னொரு டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, “அவன்ட்ட கேக்காமலே வச்சிட்டேன்,” என்றாள்.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வீடு நிறைய ஆட்கள். அப்பாவைப் பற்றி ஒவ்வொருவராக எழுந்து நல்லது சொன்னார்கள். பழைய மாணவர்கள் அழுதார்கள். போதகர் முடிக்கப் போகும்போது அம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

“எல்லாரும் சொன்னது நெசந்தான். நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஓடையில என் தம்பி ஓடல. பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லி இவுகதான் அனுப்புனாவ. அவன் வேண்டாம்னு சொல்லியும் அனுப்புனாவ. எனக்கும் தெரியும். இத்தன வருசமா நானும் சொல்லல.”

உட்கார்ந்துவிட்டாள். அறையில் யாரும் பேசவில்லை. அது மரியாதையால் வந்த அமைதி இல்லை என்று பிறகுதான் எனக்கு உறைத்தது. அங்கே இருந்தவர்களில் பாதிக்கு மேல் பேரப்பிள்ளைகள், மருமக்கள், மாணவர்கள். வராந்தாவில் அன்று கேட்டவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. என் பக்கத்தில் இருந்த ஒரு மருமகள் மெல்லக் குனிந்து, “எந்த பஸ்ஸு?” என்று என்னிடம் கேட்டாள்.

மாமாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா எழுந்து பேசியதும் எல்லோரும் தன்னைப் பார்ப்பதும் மட்டும் தெரிந்தது. என்ன சொல்லுதா என்று அத்தையைப் பார்த்தார். அத்தை அவர் காதோடு வாயை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

மாமா கேட்டு முடித்தார். அவர் சந்தோஷப்படுவார் என்று, குறைந்தது அழுவார் என்று நான் நினைத்தேன். அவர் எழுந்து சுவரில் மாலை போட்டிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். என் மாமா கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

“இன்னைக்கா சொல்லணும்? அத்தான் பதில் சொல்ல முடியாத நாளு பாத்தா சொல்லணும்?”

அம்மா அவர் கையைப் பிடிக்கப் போனாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். சாப்பாடு பரிமாற இலை போட்டுவிட்டார்கள், சாப்பிட்டுப் போங்கள் மாமா என்று நானும் தம்பியும் மறித்தோம். வேண்டாம் என்று சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டு வாசலில் இறங்கித் தெருவில் நடந்தார். அத்தை பையை எடுத்துக்கொண்டாள். அம்மாவின் தோளில் ஒரு நிமிஷம் கையை வைத்தாள். பிறகு படியில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, அவர் பின்னால் பையப் போனாள்.